ஐம்பதாயிரத்துக்கு முன்னால் முளைத்த ஒரு லட்சம்

அப்பாவுக்கு முதல் வருடத் திவசம் கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2020 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தது. அம்மா, நான், தங்கை என மூவர் பெயரும் அதில் ‘வாரிசுகள்’ என்று வரிசையாக இருந்தன. அப்பா 12.8.2015 அன்று புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வாங்கினாராம். 18.7.2018 அன்று ஆயிரம் ரூபாய் மட்டும் கொடுத்து நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். வட்டியோடு 2,30,000 ரூபாயைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அம்மா அந்தக் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. “ஐம்பதாயிரம்தான் வாங்கினார். உன் தங்கை காலேஜில் சேர்ந்த வருஷம். அதையும் 2017 தீபாவளிக்குள் அடைத்துவிட்டார்” என்று மட்டும் சொன்னார். நான் அம்மாவை நம்பவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அன்று இரவு முழுவதும் நான் கடன் கொடுத்தவரைச் சந்தேகப்படவில்லை, அப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். எங்களுக்குத் தெரியாமல் எதற்கு ஒன்றரை லட்சம் வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்று மனம் எங்கெங்கோ போனது. போலி ஆவணம் பணத்தைப் பறிப்பதற்கு முன்பே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கடன் கொடுத்தவர் அந்நியர் அல்லர். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வட்டிக்குக் கொடுப்பவர், அப்பாவோடு டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர், சாவுக்கு வந்து மாலை போட்டவர். அப்பா ஓர் உதவி பெறும் பள்ளியில் எழுத்தராக முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாற்றுச் சான்றிதழில் காலியாக இருக்கும் கட்டங்களைச் சிவப்பு மையில் கோடு போட்டு அடைத்துவிட்டுத்தான் தலைமையாசிரியரிடம் கையெழுத்துக்கு அனுப்புவார். அப்படிப்பட்டவர், ரூபாய் எண்ணுக்கு முன்னால் இடம் விட்டு எழுதப்பட்டிருந்த நோட்டில் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நோட்டை நிரப்பியது கடன் கொடுத்தவரிடம் கணக்கு எழுதும் ஆள். அப்பா போட்டது ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்தும், அதன் கீழ் பெயரும் தேதியும் மட்டும். மகளுக்கு நாளை கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிலையில் பணம் கேட்டு நிற்பவன், எதிராளியின் மேஜையில் உட்கார்ந்து “இங்கே கோடு போடுங்கள்” என்று சொல்ல முடியாது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, கடனை அடைத்த பிறகு நோட்டைத் திரும்ப வாங்காதது. “பீரோ சாவி வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்” என்று கடன் கொடுத்தவர் சொன்னதாக அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அந்த நாளை வரவில்லை. கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டே நோட்டைக் கேளுங்கள். நோட்டு வந்த பிறகு பணம் போகட்டும். திரும்ப வாங்கிய நோட்டில் ‘முழுதும் பைசல்’ என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கி, அதைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் தொலைந்ததாகவும், பாக்கி ஒன்றும் இல்லை என்றும் எழுதி வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது. அப்பா கொடுத்த தவணைகளில் இரண்டு மட்டும் காசோலை. மற்றவை அவருடைய பாக்கெட் டயரியில் பென்சில் குறிப்பாக இருந்தன. டயரி எங்களுக்கு ஆறுதல், நீதிமன்றத்துக்கு அது அரைச் சாட்சிகூட இல்லை.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாதது என் தவறு. வக்கீலிடம் போனால் இரண்டாயிரம் கேட்பார் என்று கணக்குப் பார்த்தேன். அதற்குள் கடன் கொடுத்தவரே போன் செய்தார். “தம்பி, வட்டியெல்லாம் வேண்டாம். அசலைக் கொடுத்துவிடு, அப்பா ஆத்மா சாந்தி அடையட்டும்” என்றார். அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. நான் திருப்பூரில் மாட்டிக்கொண்டேன். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அப்போது பாதிச் சம்பளம்தான். விஷயம் தானாகவே ஆறிவிடும் என்று நினைத்தேன். நவம்பரில் முன்சீஃப் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. கோரிக்கைத் தொகை இப்போது 2,42,000. நோட்டீஸுக்குப் பதில் தராமல் இருந்ததையே, ‘உண்மை என்பதால்தான் மௌனமாக இருந்தார்கள்’ என்று வழக்குரையில் ஒரு பத்தியாக எழுதியிருந்தார்கள். பதில் நோட்டீஸ் இரண்டு பக்கம் போதும்: கடனை மறுக்கிறோம், மூல ஆவணத்தைக் காட்டுங்கள். இதை மட்டும் எழுதி ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருந்தால் பின்னால் சாட்சிக் கூண்டில் ஒரு மணி நேர அவமானம் மிச்சமாகியிருக்கும். சம்மன் வந்த பிறகும் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும், பிறகு நிறைவேற்று மனு, வீட்டு வாசலில் ஜப்திக்கு வரும் நீதிமன்ற அமீனா. சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் எதிருரை, அதாவது வழக்குக்கு எழுத்துமூலமான பதில், தாக்கல் செய்ய வேண்டும், காரணம் சொல்லி 90 நாள் வரை நீட்டலாம். எனக்கு இதெல்லாம் எழுபதாவது நாளில்தான் தெரிந்தது.

வழக்குரையோடு வந்த ஜெராக்ஸ் பிரதியில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ரூ. 1,50,000. எழுத்தால் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும். கீழே அப்பாவின் கையெழுத்து, சந்தேகமே இல்லாமல் அவருடையது. நான் ஒத்துக்கொள்ளும் மனநிலைக்கே வந்துவிட்டேன். என் வக்கீல் வயதில் என்னைவிட இளையவர். அவர்தான் “ஜெராக்ஸை வைத்து முடிவெடுக்காதீர்கள், மூலத்தைப் போய்ப் பார்க்கலாம்” என்றார். மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியர் முன்னிலையில் மூல ஆவணத்தைப் பார்வையிட அனுமதி வாங்கினோம். ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த ஐந்து நிமிடம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ‘ரூ.’ என்று அச்சடித்திருந்த எழுத்துக்கும் 5 என்ற எண்ணுக்கும் நடுவில் 1 என்ற எண் ஒண்டிக் குடித்தனம் போல் நின்றது. அதன் பின்னால் இருந்த காற்புள்ளிக்கு இடம் போதாமல், 5-இன் வயிற்றில் இடித்திருந்தது. இரண்டாவது காற்புள்ளி நிதானமாக, இறக்கை விரித்தது போல் இருந்தது. ‘ஒரு லட்சத்து’ என்ற சொற்கள் அச்சுப் புள்ளிகளுக்குச் சற்று மேலே ஏறி, எழுத்து சுருங்கி, ‘ஐம்பதாயிரம்’ என்ற சொல்லின் ‘ஐ’யை உரசிக்கொண்டு முடிந்தன. நீலம் நீலம்தான், ஆனால் ஒன்று கொஞ்சம் ஊதா கலந்த நீலம். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு எல்லா மையும் ஒரே கறுப்பு. உங்கள் மேல் யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், பிரதியைப் பார்த்து ஒரு வார்த்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபடி வக்கீல் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கடன் கொடுத்தவர் அதிகத் தொகை எழுதிவிட்டார் என்று சொன்னால் அதைப் போலி ஆவணம் என்று நிறுவுவது மிகக் கடினம். முறையாக ஸ்டாம்ப் ஒட்டிய, பூர்த்தியாகாத நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுப்பவர், அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறார் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு கொள்கிறது. நம் ஊரில் வட்டிக்கடைகளில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் ஒருமுறை நிரப்பி முடித்த நோட்டில், கையெழுத்திட்டவரின் சம்மதமின்றித் தொகையைத் திருத்தினால் அது வேறு கதை. 87-ஆவது பிரிவுப்படி, அப்படி முக்கியமான திருத்தம் செய்யப்பட்ட நோட்டு, சம்மதிக்காதவரைப் பொறுத்தவரை செல்லாது. ஒன்றரை லட்சத்துக்கு மட்டுமில்லை, ஐம்பதாயிரத்துக்கும் சேர்த்தே செல்லாது.

பின்புற வரவுதான் இன்னும் தந்திரமானது. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு கெடு. 2015 ஆகஸ்டில் எழுதிய நோட்டு 2018 ஆகஸ்டில் காலாவதியாகியிருக்க வேண்டும். கெடு முடிவதற்குள் கடனாளி ஒரு பகுதியைக் கட்டி, அதைத் தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். கெடு முடிய இருபத்தைந்து நாள் இருக்கும்போது எங்கள் அப்பா ஆயிரம் ரூபாய் கொடுத்ததாக எழுதியது அதற்காகத்தான். ஆக, முன்பக்கத்தில் செய்தது தொகைக்காக, பின்பக்கத்தில் செய்தது உயிர் கொடுக்க.

வரவின் தேதியை வக்கீல் வாசித்தபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. 2018 ஜூன் 9 அன்று அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். வலது கை அதன் பிறகு எழவே இல்லை. சோற்றைக்கூட அம்மாதான் ஊட்டினார். அந்தக் கை ஜூலை 18-இல் இப்படிச் சுழித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வாய்ப்பே இல்லை. இவ்வளவு எளிய விஷயம் நோட்டீஸ் வந்த அன்றே எனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று கேட்டால், பயம்தான். ஒன்றரை லட்சம் என்ற எண்ணைப் பார்த்த கண், தேதியைப் பார்க்கவே இல்லை.

காவல் நிலையத்துக்கு 2021 பிப்ரவரியில் போனேன். நான்கு பக்கம் அழுது வடிந்து எழுதிய புகார். ஆய்வாளர் முதல் பத்தியைப் படித்துவிட்டு “கொடுக்கல் வாங்கல், சிவில் மேட்டர், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மனு ஏற்புச் சான்று என்று சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மனு முடிக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பின்னால் ஒரு சட்ட நுணுக்கமும் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் புகாரில் ‘போலி ஆவணம் தயாரித்தார்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பொய்யாவணம் புனைவதற்கான பொதுவான 465-ஆவது பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை தரும். புரோநோட்டு போன்ற மதிப்புள்ள பிணையத்தைப் புனைந்தால் 467, அதற்கு ஆயுள் வரைக்கும் தண்டனை உண்டு. விந்தை என்னவென்றால், இந்த இரண்டுமே பொதுவாகப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்கள் அல்ல. ஆயுள் தண்டனை வரை போகும் குற்றத்துக்கு நடுவரின் அனுமதி வேண்டும்! ஆனால் ஏமாற்றும் நோக்கத்தோடு புனைதல் என்ற 468, போலி என்று தெரிந்தே அதை உண்மை ஆவணமாகப் பயன்படுத்துதல் என்ற 471, ஏமாற்றுதல் என்ற 420 ஆகியவற்றுக்கு நேரடியாகவே பதியலாம். ஒரு குற்றம் அப்படி நேரடியாகப் பதியக்கூடியதாக இருந்தாலே மற்றவையும் அதனோடு சேர்ந்துவிடும். ஆகவே புகாரில் நம் கண்ணீரை விட இரண்டு வாக்கியங்கள் முக்கியம்: எங்களை ஏமாற்றிப் பணம் பெறும் நோக்கத்தில் திருத்தினார், அது போலி என்று தெரிந்தே இன்ன தேதியில் இன்ன இடத்தில் தாக்கல் செய்து பயன்படுத்தினார். 1.7.2024 முதல் நடக்கும் குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதில் இந்தப் பிரிவுகள் 336, 338, 340, ஏமாற்றுதல் 318 என்று எண் மாறியிருக்கின்றன. அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய சட்டமேதான், எங்கள் வழக்கு உட்பட.

நிலையத்தில் வேலை ஆகாவிட்டால் அடுத்த படி, அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது. ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வைக்க வேண்டும். அதன் பிறகுதான் குற்றவியல் நடுவரிடம், வழக்குப் பதிய உத்தரவிடக் கோரி மனுச் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 156(3), இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 175(3). 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இந்த மனுவோடு பிரமாணப் பத்திரமும் வேண்டும், நிலையத்துக்கும் கண்காணிப்பாளருக்கும் போய் வந்ததற்கான சான்றும் வேண்டும். நான் கண்காணிப்பாளருக்கு அனுப்பாமல் நேராக நடுவரிடம் போய் மனு திரும்பி வந்து நான்கு மாதம் வீணாக்கினேன்.

இரண்டாம் முறை போனபோது எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கட்டையைப் போட்டார்: ஆவணம் ஏற்கெனவே சிவில் நீதிமன்றத்தில் இருக்கிறது, அந்த நீதிமன்றமே எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் போலி ஆவண வழக்கு நடக்கும் என்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் வக்கீல் 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுத் தீர்ப்பை நீட்டினார். ஆவணம் நீதிமன்றத்தின் பொறுப்புக்குள் வந்த பிறகு அதில் கைவைத்தால்தான் அந்தத் தடை. வெளியிலேயே திருத்தி உள்ளே கொண்டுவந்ததற்குத் தடை கிடையாது. 2022 மார்ச்சில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. கடன் கொடுத்தவர், கணக்கு எழுதுபவர், வரவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்று மூன்று பேர். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஒரு பால்காரர். எதில் போடுகிறோம் என்று படிக்காமல் போட்டதாக அவர் என்னிடம் வந்து அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இனி ஆதாரம். பக்கவாதம் வந்ததை நிரூபிக்க மருத்துவமனைக்கு ஓடினேன். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுதான் வைத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. நான் போனது அந்தக் காலம் தாண்டிய பிறகு. கேஸ் ஷீட் இல்லை. விதிப்படி, உரிய காலத்தில் எழுதிக் கேட்டிருந்தால் 72 மணி நேரத்தில் கொடுத்திருக்க வேண்டும். கேட்காதது என் குற்றம். வீட்டில் அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றுதான் மிச்சம். அதில் வலது பக்கச் செயலிழப்பு என்று இருந்தது, ஆனால் ஜூலை 18 அன்று கை எப்படி இருந்தது என்பதற்கு அது போதாது என்றார் வக்கீல்.

அப்போதுதான் அம்மா, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பக்கவாதம் வந்த பிறகு ஓய்வூதியம் எடுக்க வங்கியில் அப்பா கைநாட்டு வைத்தார். நான் ஊரில் இல்லாத நாட்கள். ஆட்டோவில் அழைத்துப் போய், வங்கி அதிகாரி ஒருவரும் தெரிந்தவர் ஒருவரும் சாட்சியாக நிற்க, இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவச் சொன்னாராம். “பையனிடம் சொல்லாதே, யாரிடமும் சொல்லாதே. எழுத்தர் கைநாட்டு வைத்தான் என்று ஊர் பேசும்” என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாராம். அந்த வெட்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஊரில் யாருக்கும் தெரியாததால் கடன் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கையெழுத்துக்குப் பதிலாக எவர் விரலையாவது ஒற்றி எடுத்திருப்பார்.

வங்கி ஆவணங்களை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். 2018 ஜூலை 4, ஆகஸ்ட் 3 தேதியிட்ட இரண்டு பணம் எடுக்கும் சீட்டுகள் வந்தன. இரண்டிலும் ஊதா நிறத்தில் ஒரு விரல் ரேகை, ஓரத்தில் அதிகாரியின் குறிப்பு. நடுவில் மாட்டிக்கொண்டது ஜூலை 18. இந்த மாதிரி நிலைமையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: கையெழுத்துக்கு எதிராகக் கையெழுத்தை மட்டும் தேடாதீர்கள். அந்த நாளில் அந்த மனிதர் எங்கே இருந்தார், என்ன செய்ய முடிந்தது, எந்த அலுவலகத்தில் எதில் பதிவாகியிருக்கிறார் என்று தேடுங்கள். வங்கிச் சீட்டும் மருத்துவமனைக் காகிதமும் என்றைக்கும் இருக்காது, ஆகவே வழக்கு வரும் முன்பே நகல் கேளுங்கள்.

நிபுணர் கருத்துக்கு அனுப்புவது தனிப் படலம். ஒப்பிட்டுப் பார்க்க, சண்டைக்கு முன்பே போடப்பட்ட, யாரும் மறுக்க முடியாத கையெழுத்துகள் வேண்டும், அதுவும் ஏறக்குறைய அதே காலத்தவை. அப்பா ஓய்வூதியர் என்பதால் ஆண்டுதோறும் சார்நிலைக் கருவூலத்தில் நேர்காணலுக்குப் போய்க் கையெழுத்திட்டது, வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்து, இரண்டு காசோலைகள் எல்லாம் கிடைத்தன. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் நோட்டை உறையிலிட்டு முத்திரை வைத்து, சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குக் கொண்டுபோனார். அவர் கட்டணமும் பயணச் செலவும் என் தலையில். மையின் வயதைக் கண்டுபிடித்துவிட்டால் போதுமே, 2015 மையா 2020 மையா என்று தெரிந்துவிடுமே என்று நான் துள்ளினேன். வக்கீல் சிரித்தார். எழுத்தின் வயதைத் துல்லியமாகச் சொல்லும் வசதி அங்கே இல்லை என்று துறையின் அதிகாரியே கூறியதை வைத்து, 2010-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கைக்குக் கதவைச் சாத்திவிட்டது. ஆகவே வயதைக் கேட்காதீர்கள். மை ஒன்றா வேறா என்று கேளுங்கள்.

அறிக்கையோடு வந்த புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படம். அதில் ‘50,000’ பனியில் மறைந்த மரம் போல் மங்கிக் கிடந்தது. அதன் முன்னால் ‘1,’ மட்டும் கன்னங்கரேலென்று நின்றது. ‘ஐம்பதாயிரம்’ காணாமலே போய்விட, ‘ஒரு லட்சத்து’ தனியாகத் தொங்கியது. கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு மைகள் அந்த ஒளியில் வேறு வேறாக நடந்துகொள்ளுமாம். பின்புறக் கையெழுத்து, மாதிரிக் கையெழுத்துகளை எழுதியவர் எழுதியது அன்று என்றும் அறிக்கை சொன்னது. ஆனால் ‘1’-ஐயும் ‘ஒரு லட்சத்து’ என்பதையும் எழுதியது யார் என்று சொல்ல எழுத்து போதாது என்றுவிட்டது.

குறுக்கு விசாரணையில் என் வக்கீல் கடன் கொடுத்தவரிடம் ஒரே ஒரு வழியில் போனார். ஆயிரம் ரூபாயை அப்பா எங்கே வைத்துக் கொடுத்தார்? கடையில். எப்படி வந்தார்? சைக்கிளில். தனியாகவா? தனியாகத்தான். எந்தக் கையால் எழுதினார்? வலது கையால். பிறகுதான் வங்கிச் சீட்டுகளைக் கையில் கொடுத்தார். கடன் கொடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி எனக்கு வரவில்லை. சைக்கிளில் வரும் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024 ஆகஸ்டில் வழக்கு செலவுத் தொகையுடன் தள்ளுபடியானது. தீர்ப்பில் வந்த செலவுத் தொகை என் உண்மைச் செலவில் கால்வாசிகூட இல்லை. சிவில் வழக்குக்கு வக்கீல் கட்டணம் 45,000, குற்ற வழக்கு மனுக்களுக்கு 30,000, ஆணையர், நிபுணர், நகல் எல்லாமாக 18,500, திருப்பூருக்கும் ஊருக்கும் அலைந்த பஸ், சாப்பாடு 26,000. சம்பளம் இல்லாத விடுப்பு நாற்பத்தொரு நாள், ஒரு நாளைக்கு எழுநூறு வீதம் 28,700. கூட்டினால் 1,48,200. நோட்டில் இருந்த பொய்த் தொகைக்கு இன்னும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்தான் குறைவு. கொடுத்துத் தொலைத்திருந்தால் என்ன என்று உறவினர் ஒருவர் கேட்டார். கொடுத்திருக்கலாம்தான், ஆனால் அப்பா எங்களிடம் மறைத்துக் கடன் வாங்கினார் என்பதற்கு நான் ரசீது போட்டுக் கொடுத்ததாக ஆகியிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உண்மையான கடனாகவே இருந்தாலும், இறந்தவர் விட்டுச்சென்று வாரிசு கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. என் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் நாளே இது தெரிந்திருந்தால் இரண்டு மாதம் தூங்கியிருப்பேன்.

குற்ற வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதில் எளிதாக வெற்றி வரும் என்று நான் நினைக்கவில்லை. போலி ஆவணத்தை ‘உண்டாக்கியவர்’ யார் என்று காட்டினால்தான் புனைந்த குற்றம் அவர்மேல் நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. யார் கை எழுதியது என்று நிபுணரால் சொல்ல முடியவில்லை. ஆகவே நாங்கள் அதிகம் நம்பியிருப்பது 471-ஐத்தான்: எழுதியது எவர் கையானாலும், போலி என்று தெரிந்தே நீதிமன்றத்தில் நீட்டியது கடன் கொடுத்தவர். சிவில் வழக்கில் எங்கள் பக்கம் கனம் கூடினால் போதும், குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒன்றில் வென்றதால் மற்றொன்று தானாக வந்துவிடாது என்று வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் நினைவூட்டுகிறார்.

போன வாய்தா முடிந்து வந்ததும் அம்மா கேட்டார், அந்த நோட்டை நமக்குத் திருப்பித் தருவார்களா என்று. எதற்கு என்றேன். பக்கவாதத்துக்கு முன்னால் அப்பா போட்ட கையெழுத்து வீட்டில் நல்லதாக ஒன்றும் இல்லையாம். எல்லாவற்றையும் மாதிரிக் கையெழுத்து என்று கோர்ட்டில் கொடுத்துவிட்டோமாம். முன்பக்கத்தில் ஸ்டாம்ப் மேல் இருப்பது அவருடையதுதானே என்றார். வக்கீலிடம் கேட்டேன். அது எதிர்த்தரப்பின் ஆவணம், இப்போது குற்ற வழக்கின் சான்றுப் பொருள் வேறு, நமக்கு வராது என்றார். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று நகல் பிரிவில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாய்தா அன்று கேட்க வேண்டும்.